காலுறைக் கத்தி

என் கணவர் வருடத்தில் ஐந்தாறு நாட்கள் ஸ்கொட்லாந்துக்காரர் ஆகிவிடுவார். அந்த நாட்களின் காலையில் எங்கள் கட்டில் முழுவதும் அவருடைய உடுப்புகள் பரவிக் கிடக்கும். பச்சையும் கருநீலமும் கட்டம் போட்ட, பாவாடை போன்ற கில்ட், இடுப்புக்கு முன்னால் தொங்கவிடுகிற தோல் பை, முழங்கால்வரை ஏறும் தடித்த கம்பளிக் காலுறைகள், வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்பு மேற்சட்டை. கடைசியாக அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை இறக்கி, அதற்குள் இருக்கும் கத்தியை எடுப்பார். கறுப்புப் பிடியும் தோல் உறையுமாக, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான கத்தி. அதை வலது காலுறைக்குள் செருகிப் பிடி மட்டும் வெளியே தெரியும்படி விடவேண்டும். அது இல்லாவிட்டால் அந்த உடுப்பு முழுமையாகாது என்பார். நானோ அந்தப் பெட்டி இறங்கும்போதே அறையைவிட்டு வெளியே போய்விடுவேன்.

அவர் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பள்ளிக்கூடப் பாண்ட் வாத்தியக் குழுவில் பெரிய ட்ரம் அடித்தவர். இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டபோது அவரை லண்டனில் வைத்திருக்காமல் கிளாஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். பதினாலாம் மாடியில் ஓர் அறை. கேஸ் இரண்டு தரம் மறுக்கப்பட்டு ஒன்பது வருடம் இழுபட்டது. வேலை செய்ய அனுமதியில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் பைப் ஊதி ட்ரம் அடிக்கும் ஒரு ஸ்கொட்லாந்துக் குழு பழகும் சத்தம் கேட்டு உள்ளே போய்க் கடைசிக் கதிரையில் இருந்திருக்கிறார். அடுத்த செவ்வாயும் போனார். மூன்றாவது செவ்வாய், பெரிய ட்ரம் அடிப்பவர் வராத நேரம் பார்த்து யாரோ அவரிடம் இரண்டு தடிகளையும் நீட்டினார்கள். வதிவிட அனுமதி கிடைத்த கிழமை, அந்தக் குழுவில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து அவருக்குக் கில்டும் கத்தியும் பரிசாகக் கொடுத்தார்கள். பிறகு என்னைக் கலியாணம் செய்து, என் அக்கா குடும்பம் தெற்கு லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற பகுதியில் இருந்ததால் லண்டனுக்கு வந்தார். வந்த முதல் மாதமே இங்கேயும் ஒரு பைப் குழுவைத் தேடிப் பிடித்துவிட்டார்.

என் ஊர் மன்னார். பயம் என்னுடன் பிறந்தது என்று அக்கா சொல்வாள். பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. அங்கே தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடித்தால்கூட முதலில் வாசலுக்குப் போய் நிற்பது நான்தான். என் கணவர் பிரிட்டிஷ் பிரஜை. இங்கே பிறந்த மகளும் பிரிட்டிஷ் பிரஜை. வீட்டில் மூன்று பேரில் நான் மட்டும் சோதனைக்குப் பயந்து பிரஜாவுரிமை விண்ணப்பத்தை வருடக் கணக்காகத் தள்ளிப்போட்டவள். கடைசியில் சோதனை பாஸ் பண்ணி, விண்ணப்பம் போட்டு, கைரேகையும் கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்த நாலாவது மாதத்தில்தான் இது நடந்தது. அந்த விண்ணப்பத்தில் நன்னடத்தை என்று ஒரு பகுதி உண்டு. பொலிசோடு ஏதாவது பிரச்சினை வந்ததா, அபராதம் விழுந்ததா என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். எங்கள் மாதா கோயிலில் ஒரு ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, ஒரு பெண், தனக்குத் தெரிந்த ஒருவருக்கு மிகச் சின்ன விசயத்துக்காக மறுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். என்ன விசயம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அது தெரியாததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அந்தச் சனிக்கிழமை தெற்கு லண்டனில் ஒரு பெரிய பூங்காவில் ஸ்கொட்லாந்து விழா. பத்துப் பன்னிரண்டு பைப் குழுக்கள் வரும், மரம் எறிவார்கள், வாள் நடனம் ஆடுவார்கள் என்று மகள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. ஆனால் அதே கிழமைதான் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பையனைக் கத்தியால் குத்திவிட்டார்கள். வியாழக்கிழமை பொலிசார் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போட்டார்கள். கத்தி வைத்திருந்தால் சிறை என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன். ஏன் ஒட்டினேன் என்று எனக்கே தெரியாது.

காலையில் அவர் முகம் வழித்துக்கொண்டிருக்கும்போது குளியலறை வாசலில் போய் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு மட்டும் அந்தக் கத்தியை விட்டிட்டுப் போங்கோவன்."

"அது உடுப்பின்ர ஒரு பகுதியப்பா. சட்டத்திலயே விட்டிருக்கு. நீர் பயப்பிடாதையும்."

"வெள்ளைக்காரன் போட்டா அது உடுப்பு. நாங்கள் போட்டா கத்தி."

அவர் கன்னத்தில் மீதியிருந்த நுரையைக் கழுவினார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ட்ராமிலும் ரயிலிலும் அவர் கத்தியைச் செருகாமல் வருவார். நான் அதை என் கைப்பையில் வைத்திருந்து, பூங்காவுக்குள் போனதும் கொடுப்பேன். கைப்பைக்குள் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? நான் அதை ஒரு லேஞ்சித் துணியில் சுற்றி, குடைக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் கீழே வைத்தேன். கன நாளைக்குப் பிறகு அன்று காலைதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

நாங்கள் வெளிக்கிடுவதற்கு முன்னரே குழுத் தலைவர் போன் எடுத்தார். அவர் ஸ்கொட்லாந்தில் பிறந்து முப்பது வருடமாக லண்டனில் குழாய் வேலை செய்கிறவர். சின்ன ட்ரம் அடிக்கும் ஒருவருக்குக் காய்ச்சல், தாளத்தை மாற்றிப் பழகவேண்டும், கணவரை இப்போதே தன் வான் வண்டியில் ஏற்றிப்போகிறேன் என்றார். வானில் ட்ரம்களும் பைப்களும் நிறைந்திருந்ததால் முன்னால் ஓர் ஆளுக்குத்தான் இடம். கணவர் அவசரமாக ஓடி ஏறினார்; வான் வெளிக்கிட்ட பிறகுதான் ஞாபகம் வந்து, கத்தியை மறக்காமல் கொண்டுவரும்படி ஜன்னலால் சொன்னார். ஓம் என்றேன்.

நானும் மகளும் ட்ராம் எடுத்துக் குரோய்டனுக்குப் போனோம். அங்கே இறங்கி ரயில் மாறவேண்டும். ட்ராம் நிலையத்தை நெருங்கும்போதே ஜன்னலால் கண்டுவிட்டேன். ரயில் நிலைய வாசலில் கதவு இல்லாத நிலை ஒன்றை நிறுத்தியது போல, உலோகம் கண்டுபிடிக்கும் ஒரு சாம்பல் நிறச் சட்டம். அதற்குள்ளால்தான் எல்லாரும் நடந்து போகவேண்டியிருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஏழெட்டுப் பொலிசார். ஒரு நாய்.

இறங்கினேன். கால்கள் தானாக நாலைந்து அடி முன்னே போயின. பிறகு நின்றுவிட்டேன். மகள் என்னைப் பார்த்தாள். ஒரு போன் எடுக்கவேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டு, ட்ராம் நிலையத்து வாங்குப் பலகையில் போய் இருந்தேன். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தேன். எங்களைக் கடந்து போனவர்களெல்லாம் அந்தச் சட்டத்துக்குள்ளால் கதைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு போனார்கள். ஒருவருடைய பெல்ட்டுக்கு அது கத்தியது. அவரைப் பக்கத்தில் கூட்டிப்போய்க் கையை விரிக்கச் சொன்னார்கள்.

கணவருக்கு நாலு தரம் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. ஐந்தாவது தரம் அவரே எடுத்தார். பின்னால் பைப்களைச் சுருதி சேர்க்கும் இரைச்சல். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. மகள் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பொலிஸ் நிக்குது. ஆக்களைச் சோதிக்கினம்," என்றேன்.

அவர் குழுத் தலைவரிடம் ஏதோ கேட்கும் சத்தம் வந்தது. தலைவரின் குரல் உயர்ந்தது. கணவர் திரும்பிப் பேசியபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"கத்தி உம்மட பையிக்கையோ கிடக்கு?"

"ஓம்."

"காலில செருகியிருந்தா உடுப்பு எண்டு விடுவாங்களாம். பையிக்கை கிடந்தா அது வெறும் கத்திதானாம். எனக்கு உது தெரியேல்லையப்பா. நீர் அங்காலை போகாதையும். வீட்டை திரும்பிப் போம்."

என் பயத்தைப் போக்குவதற்காக நானே கேட்டு வாங்கி வைத்த கத்தி. அவருடைய காலில் இருந்திருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். என் பைக்குள் வந்ததால்தான் அது குற்றமாகிவிட்டது. வாங்கிலிருந்து எழும்பினேன். குப்பைத் தொட்டி பத்தடியில் இருந்தது. அதற்குள் போட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மேலே கமெரா. அதோடு கிளாஸ்கோவில் அத்தனை பேர் சேர்ந்து கொடுத்த பரிசு.

வீட்டுக்குப் போகும் ட்ராம் எதிர்ப்பக்கத்தில் நிற்கும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தேன். பாதித் தூரத்தில் ஒரு பொலிஸ்காரி எங்களை நோக்கி வருவதைக் கண்டேன். வாசலுக்கு வந்து, நின்று, பின்வாங்கி, போன் பேசி, திரும்பிப் போகிறவளை அவர்கள் கவனிக்காமல் விடுவார்களா? அவளுக்கு என்னுடைய வயதுதான் இருக்கும். கிட்ட வந்து, மிகவும் தன்மையாக, வழி தெரியவில்லையா, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மாவோடு மன்னாரிலிருந்து பஸ்ஸில் போகும்போது ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். போர் நடந்த அந்தக் காலத்தில், குண்டுக்குப் பயன்படும் என்று டோர்ச் பற்றரி கொண்டுபோகத் தடை. அம்மா இரண்டு பற்றரியைத் தம்பியின் பால்மா டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். ஆமிக்காரன் டின்னைத் திறந்தபோது அம்மா என் கையை ஒரு தரம் அமத்தினார். சிரி என்று அர்த்தம். நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். அவன் மணிக்கட்டுவரை பால்மாவுக்குள் கையை விட்டான். கை வெள்ளையாக வெளியே வந்தது. ஒன்றும் அகப்படவில்லை. பஸ் திரும்ப ஓடத் தொடங்கியபோதும் என் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்ததாம். வவுனியா வரையும் அதை எடுக்க முடியவில்லை என்று அம்மா பிறகு சொல்லியிருக்கிறார்.

குரோய்டனில் அந்தப் பொலிஸ்காரி பதிலுக்குக் காத்து நின்றாள். நான் மகளின் கையை அமத்தியிருக்கிறேன். அமத்தியது எனக்குத் தெரியவே இல்லை. குனிந்து பார்த்தபோது மகள் அந்தப் பொலிஸ்காரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் சிரிக்கவில்லை. பல்லு மட்டும் தெரிந்தது.

மகளின் கையை விட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்:

"என் பைக்குள் ஒரு கத்தி இருக்கிறது."

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த தன்மை போன இடம் தெரியவில்லை. பையை நிலத்தில் வைக்கும்படியும் கைகளைத் தெரியும்படி வைத்துக்கொள்ளும்படியும் சொன்னாள். தோளில் கொழுவியிருந்த கருவியில் ஏதோ பேசினாள். இன்னும் இரண்டு பேர் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ஓர் இளம் பொலிஸ்காரன் கையுறை போட்டுக்கொண்டு என் பையைத் தூக்கினான். எங்களை நிலையத்துச் சுவரோரம் கூட்டிப்போனார்கள். மகளை என்னிடமிருந்து பத்தடி தள்ளி நிற்பாட்டினார்கள். என் கைகளை விரிக்கச் சொல்லி உடம்பைத் தடவினார்கள். நான் ஒன்றையும் மறுக்கவில்லை. கழுத்தில் கிடந்த மடு மாதா பதக்கம் சட்டைக்கு மேலே வந்து தொங்கியது. அதை உள்ளே விடக்கூடக் கையைக் கீழே போடப் பயமாக இருந்தது.

மீன் கடையில் அடிக்கடி காணும் ஒரு தமிழ் மனுசன் ட்ராமால் இறங்கி வந்தார். என்னைக் கண்டார். கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போனார். அவரில் பிழையில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.

இளம் பொலிஸ்காரன் லேஞ்சியை அவிழ்த்து, கத்தியை உறையிலிருந்து இழுத்தான். வெயிலில் அது மின்னியது. வீட்டில் எத்தனையோ தரம் பார்த்த கத்தி, அவன் கையில் இருக்கும்போது வேறு ஏதோ சாமான் போல இருந்தது. யாருடையது, ஏன் உன்னிடம் இருக்கிறது, எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டான். கணவருடையது, ஸ்கொட்லாந்து விழா, கில்ட், பெரிய ட்ரம் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலக் கேட்டது. மிச்சம் பகுதியில் இருக்கும் தமிழன் கில்ட் உடுத்து ட்ரம் அடிக்கிறான் என்று ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? அவன் எழுதிக்கொண்டான். ஊர் கேட்டான். பிறந்த திகதி கேட்டான். விசா நிலை கேட்டானா இல்லையா என்று எனக்கு இப்போதும் ஞாபகமில்லை. நானே சொல்லிவிட்டேன். பிரஜாவுரிமைக்குப் போட்டிருக்கிறேன், நாலு மாதமாகிறது, நான் ஒரு பிழையும் செய்ததில்லை என்று கேட்காததையெல்லாம் சொன்னேன்.

மகள் அழவில்லை. பொலிஸ்காரி அவளிடம் ஏதோ கேட்டதற்கு, அப்பாவின் போனில் இருந்து வந்த படமொன்றைத் தன் போனில் எடுத்துக் காட்டினாள். போன வருட விழாவில் எடுத்தது. அவருடைய நெஞ்சை மறைத்துக்கொண்டு அந்தப் பெரிய ட்ரம், கீழே கில்ட், காலுறை, கத்திப் பிடி.

கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் சுவரோரம் நின்றேன். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் முன்பு விசா விசயங்கள் பார்த்த பெரிய அரசாங்கக் கட்டடம். என் கணவர் இந்த நாட்டில் முதன்முதல் வரிசையில் நின்றது அதற்கு முன்னால்தான். என்னையும் இனி அந்தப் பக்கம் கூட்டிப்போவார்களா, மகளை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது, அக்காவுக்கு இன்றைக்கு ஷிப்ட், அவளுடைய போன் அணைந்திருக்கும் என்றெல்லாம் மனம் ஓடியது. கைதுசெய்தால் பள்ளிக்கூட வேலை போய்விடும் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

குழுத் தலைவரின் வான் ரோட்டோரம் வந்து நின்றது. முதலில் தலைவர் இறங்கினார். முழு உடுப்பு. தொப்பியில் இறகு. வலது காலுறையில் அவருடைய கத்திப் பிடி நன்றாகத் தெரிய, ஏழெட்டுப் பொலிசாருக்கு நடுவே நேரே நடந்து வந்தார். ஒருவரும் அவருடைய காலைப் பார்க்கவில்லை. பின்னால் என் கணவர் வந்தார். அவருடைய காலுறை வெறுமையாக இருந்தது. என்னிடம் வரப் பார்த்தவர், இளம் பொலிஸ்காரன் கையைக் காட்டியதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். இரண்டு கையும் தொடையோடு ஒட்டி, தலையைக் கொஞ்சம் குனிந்து. கிளாஸ்கோவில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போய் நின்றது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பொலிசாரில் மூத்தவர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். தலைவர் சத்தமாகப் பேசினார், மூத்தவர் அமைதியாகக் கேட்டார். கடைசியில் கத்தியை உறைக்குள் போட்டு என் கணவரிடம் நீட்டி, அது இருக்கவேண்டிய இடத்தில் வை என்றார். கணவர் குனிந்து செருகினார். முதல் தரம் சரியாகப் போகவில்லை. மூத்தவர் என் பக்கம் திரும்பி, நீயாகவே சொன்னபடியால்தான் இது இப்படி முடிந்தது, இனி இதைப் பையில் கொண்டுபோகாதே என்றார். சோதனை செய்ததற்கான ஒரு துண்டைத் தந்தார். அதில் என் பெயர், நேரம், காரணம் எல்லாம் இருந்தன. இது குடிவரவுக்காரருக்குப் போகுமா என்று கேட்டேன். இது கைது இல்லை, குற்றப் பதிவு இல்லை, ஆனால் அவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று தனக்குத் தெரியாது என்றார். உண்மையைத்தான் சொன்னார். அந்தத் 'தெரியாது' அன்று முழுவதும் என்னோடு வந்தது.

ட்ரம்களைப் பூங்காவில் இறக்கிவிட்டு வந்திருந்த வானின் பின்பக்கத்தில் மகள் என் மடியில் இருந்து வந்தாள். பூங்காவுக்குப் போனபோது தொடக்க அணிவகுப்பு எங்கள் குழு இல்லாமலே முடிந்திருந்தது. குழுவில் மற்றவர்கள் புல்லில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அணிவகுப்புக்காக ஒரு வருடமாகப் பயிற்சி எடுத்தவர்கள். ஒருவரும் முகம் கோணவில்லை. ஒரு பெண் எனக்கு ஒரு பேப்பர் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்தாள்.

விழா பெரிய விழாதான். ஒரு பக்கம் தந்திக்கம்பம் அளவான மரத்தை ஒருவர் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி ஓடி எறிந்தார். மரம் தலைகீழாகச் சுழன்று விழுந்தபோது நிலம் அதிர்ந்து என் கையில் இருந்த தேத்தண்ணி தளும்பியது. இன்னொரு பக்கம் ஆட்டு ஈரலில் செய்த ஹகிஸைப் பணிஸ் ரொட்டிக்குள் வைத்து விற்றார்கள். மகள் ஒன்று வாங்கி, மிளகு காணாது, உறைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டாள். மேடையில் இரண்டு வாள்களைக் குறுக்காக வைத்து, அவற்றில் கால் படாமல் சின்னப் பெண்கள் துள்ளித் துள்ளி ஆடினார்கள். உண்மையான வாள்கள். எங்கு பார்த்தாலும் காலுறைகளில் கத்திப் பிடிகள். இரண்டு பொலிசார் ஐஸ்கிரீம் வானுக்குப் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு அதைப் பார்த்தார்கள். நான் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒரு அடி இந்தப் பக்கம் எடுத்துவைத்தால் என் கை தானாகவே கைப்பையைத் திறந்து உள்ளே துழாவியது. ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் துழாவியது.

பின்னேரம் எல்லாக் குழுக்களும் சேர்ந்து வாசிப்பதற்கு முன்னர், கூடாரத்துக்குப் பின்னால் கணவர் ட்ரம்மின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னால்தான் நீங்கள் அணிவகுப்புக்கு இல்லாமல் போனது என்றேன்.

அவர் வாரைக் கொழுவி முடித்தார்.

"நான் பயமில்லாமலோ இதைப் போட்டுக்கொண்டு போறன் எண்டு நினைக்கிறீர்?" என்றார். "ஒவ்வொரு முறையும் பயம்தான். ட்ராமில ஒரு பொலிசைக் கண்டா கால் கூசும். கிளாஸ்கோவில அவையள் இதைத் தரேக்கை ஒண்டும் சொல்லேல்லை. செருகிவிட்டினம், அவ்வளவுதான். இதைக் கழட்டினா நான் பழையபடி அந்தப் பதினாலாம் மாடிக்குப் போயிடுவன் போல கிடக்கும்."

பத்து வருடத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாது. அவருக்குப் பயமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் பயப்படுகிற வேலை என்னுடையது, பயப்படாதையும் என்று சொல்கிற வேலை அவருடையது.

அவர் போய் வரிசையில் நின்றார். இருநூறு பேருக்கு மேல் இருக்கும். பைப்கள் ஒரே மூச்சில் எழும்பின. அந்தச் சத்தம் காதால் வரவில்லை, காலுக்குக் கீழிருந்து வந்தது. ட்ரம்களில் எது என் கணவருடையது என்று பிரித்துக் கேட்க முயன்றேன், முடியவில்லை. அவருடைய தடிகள் தலைக்கு மேலே சுழன்று இறங்குவது மட்டும் தெரிந்தது. சுற்றி நின்ற வயதுபோன வெள்ளைக்காரர்கள் சிலர் அழுதார்கள். ஊரைவிட்டு வந்து நாற்பது ஐம்பது வருடமாக லண்டனில் இருப்பவர்களாக இருக்கும். நானும் அழுதேன். என்னுடையது வேறு அழுகை.

திங்கட்கிழமை குரோய்டனில் எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்த சட்டத்தரணியிடம் அந்தத் துண்டைக் கொண்டுபோனேன். மறைக்கவேண்டாம், நடந்ததை ஒரு கடிதமாக எழுதி அனுப்பிவிடுவோம் என்றார். குழுத் தலைவரும் ஒரு கடிதம் தந்தார். அனுப்பிவிட்டு ஐந்து மாதம் இருந்தோம். தபால்காரர் கேற்றைத் திறக்கும் சத்தத்துக்கு நான் சமையலறையில் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அப்படியே நிற்பேன். போனில் மின்னஞ்சல் வரும் சத்தத்தை அணைத்து வைத்தேன். பிறகு அணைத்து வைத்திருப்பதால் ஏதாவது வந்து தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து திரும்பவும் போட்டேன். கடைசியில் அனுமதித்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவர்களுடைய கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. கவுன்சில் மண்டபத்தில் சத்தியம் எடுக்கப் போனபோது கணவர் கில்ட் உடுத்து வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சாதாரண சூட் போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்கு அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. மகளின் வகுப்பாசிரியை அவள் எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்துக் காட்டி, மிக நன்றாக எழுதியிருக்கிறாள் என்றார். மறக்க முடியாத ஒரு நாள் என்பது தலைப்பு. இரண்டரைப் பக்கம். அந்த ஸ்கொட்லாந்து விழாவைத்தான் எழுதியிருந்தாள். மரம் சுழன்று விழுந்தது, ஹகிஸுக்கு மிளகு காணாதது, வாளில் கால் படாமல் ஆடிய பெண்களில் ஒருத்திக்குச் சப்பாத்து வார் அறுந்தது, அப்பாவின் தடிகள் சுழன்றது எல்லாம் இருந்தன. காலையில் எழும்பிக் கட்டிலில் உடுப்புகளைப் பார்த்ததில் தொடங்கி, நேரே பூங்காவுக்குப் போய்விட்டாள். ட்ராம் இல்லை. குரோய்டன் இல்லை. கத்தி இல்லை.

ஆசிரியைக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மகள் நடைபாதையில் காத்து நின்றாள். அந்தக் காலை அவளுக்குப் பெரிதாகப் படாமல் மறந்துபோயிருக்கலாம். அல்லது அப்படிப்பட்டவற்றை எழுதக்கூடாது என்று என்னைப் பார்த்துப் பழகியிருக்கலாம். பஸ்ஸில் போகும்போது கேட்கலாம் என்று நினைத்தேன். அவள் ஜன்னலோரம் இருந்து போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். நான் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.